கடக்கரை வீட்டுல சீடர் மரச் சாமான்: எந்த வார்னிஷ்னு கேட்டதுக்கு விரிவான பதில்

தம்பி, நீங்க கேட்டதை மொதல்ல சுருக்கமாச் சொல்லிடுறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும்ல. ராமநாதபுரம் மாவட்டத்துல அரியமான் பக்கம் கடலை ஒட்டி ஒரு சின்ன ஹோம்ஸ்டே. பெங்களூர்ல இருந்து வரவழைச்ச கனடா சீடர்ல ரெண்டு பெஞ்சு, ஒரு டேபிள், ஒரு ஊஞ்சல், அப்புறம் வாசல் பக்கத்துச் சுவருக்குப் பலகை கிளாடிங். வந்தப்ப தேன் கலர்ல பளபளன்னு இருந்துச்சு. ஒரு ஆடிக் காத்தும் ஒரு ஐப்பசி மழையும் தாண்டுறதுக்குள்ள வார்னிஷ் பொரிஞ்சு தோல் தோலா உரியுது, உரிஞ்ச எடம் சாம்பலாப் போச்சு, ஸ்க்ரூவைச் சுத்திக் கருப்பு, பெஞ்சு மேல அங்கங்க கருப்புப் புள்ளி. "எந்த வார்னிஷ் நல்லது, தேக்குக்கு அடிக்கிறதையே இதுக்கும் அடிக்கலாமா"ன்னு கேட்டிருக்கீங்க.

நம்ம கடக்கரையில வெட்டவெளியில கெடக்குற மரத்துக்கு வார்னிஷே வேண்டாம், இதான் என் பதில். எவ்வளவு வெலை குடுத்து வாங்கினாலும் சரி. மரத்துக்குள்ள எறங்குற ஆயில், அதுவும் கலர் கலந்த ஆயில், அதைத்தான் அடிக்கணும், அடிச்சிட்டு வருசா வருசம் திரும்பத் தொடணும். ஏன்னு வெவரமா எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுமையாப் படிங்க, ஏன்னா நீங்க போட்ட காசு சின்னக் காசு இல்ல, அந்த மரமும் அப்படி விட்டுடக் கூடிய மரம் இல்ல.

மொதல்ல உங்க மரம் எதுன்னு உறுதி பண்ணிக்கங்க. சீடர்னு சொல்லி மூணு வகை மரம் கடையில ஓடுது. கனடா மேக்குக் கரையில பிரிட்டிஷ் கொலம்பியா காட்டுல இருந்து வர்ற வெஸ்டர்ன் ரெட் சீடர் ஒண்ணு. இமயமலைப் பக்கத்துத் தேவதாரு இன்னொண்ணு. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில வளர்ற சந்தன வேம்பு, அதையும் ரெட் சீடர்னு சொல்லித் தர்றவங்க இருக்காங்க, அது வேம்போட குடும்பம். கண்டுபிடிக்க லேசான வழி எடைதான். நல்லாக் காஞ்ச தேக்கு கன அடிக்கு 18 கிலோ கிட்ட வரும், வெஸ்டர்ன் ரெட் சீடர் 10, 11 கிலோதான், ஒரு பலகையை ஒத்தக் கையில தூக்கினாலே தெரிஞ்சிடும். நகத்தை வச்சு அமுக்கினா பள்ளம் விழும், அவ்வளவு மெது. உங்க போட்டோவையும் "ரொம்ப லேசா இருக்கு"ன்னு நீங்க எழுதினதையும் பார்த்தா அதுதான்.

இந்த மரத்தோட நல்ல கொணம் என்னன்னா அதிகமா முறுக்காது, வளையாது, பிசின் வடியாது, உள்ள இருக்குற செவப்பு வைரப் பகுதியில பூஞ்சைக்கு ஆகாத சத்து இயற்கையாவே இருக்கு, அதனால லேசுல உளுக்காது. ஆனா ஓரத்துல வெள்ளையா ஒரு பகுதி இருக்கும் பாருங்க, அதுல அந்தச் சத்து கெடையாது, அது எந்த மரத்தோட வெள்ளையும் மாதிரிதான், சீக்கிரம் போயிடும். வைரப் பகுதியில கூட மேல்மட்டத்துல இருக்குற சத்து மழையில கரைஞ்சு கரைஞ்சு கொறையும். அதனால "சீடர் தானே, ஒண்ணும் ஆகாது"ன்னு யாராச்சும் சொன்னா முழுசா நம்பாதீங்க.

சரி, வார்னிஷ் ஏன் உரிஞ்சுச்சு? வெயில்ல இருக்குற அல்ட்ரா வயலட் கதிர் கிளியர் வார்னிஷைத் தாண்டி உள்ள போகும். மரத்தோட நாரையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வச்சிருக்குறது லிக்னின்னு ஒரு பொருள், அந்தக் கதிர் அதைத்தான் ஒடைக்கும். வார்னிஷ் மேல நல்லாத்தான் இருக்கும், ஆனா அது புடிச்சுக்கிட்டு இருக்குற நார் செத்திருக்கும், அப்புறம் ஒரு மழை, ஒரு வெயில், மரம் உப்பிச் சுருங்கும்போது அந்தத் தோல் அப்படியே கழண்டு வரும். அமெரிக்காவுல மேடிசன்ல ஃபாரஸ்ட் ப்ராடக்ட்ஸ் லேபரட்டரின்னு 1910ல ஆரம்பிச்ச அரசாங்க ஆராய்ச்சிக் கூடம் இருக்கு, வெட்டவெளி மரப் பூச்சைப் பத்தி அவங்க அளவுக்கு ஆராய்ச்சி பண்ணினவங்க கம்மி. புதுப் பலகையை ரெண்டு வாரம் வெயில்ல சும்மா போட்டாலே அது மேல பெயின்ட் புடிக்கிற புடி கொறைய ஆரம்பிக்கும்ங்கிறது அவங்க கண்டது. அதே ஆளுங்க சொல்ற இன்னொரு கணக்கு உங்களுக்கு ஆறுதலா இருக்கும். பூச்சே இல்லாம வெளிய நிக்கிற சீடர் பலகை 100 வருசத்துக்கு ஏறக்குறைய 12 மில்லிமீட்டர்தான் தேயுமாம். நம்ம வெயிலும் மணல் வீசுற காத்தும் கூடுதல்தான், இருந்தாலும் சாம்பலாப் போனா மரம் போச்சுன்னு பதறாதீங்க. சாம்பல் மேல ஒரு மெல்லிசு, அவ்வளவுதான். தேய்ச்சா உள்ள அதே தேன் கலர் இருக்கு.

இது எல்லா ஊருக்கும் பொதுவான கதை. நம்ம கடக்கரைக்குன்னு தனியா ஒண்ணு இருக்கு, உப்பு. உப்புக்கு ஒரு கொணம் உண்டு, காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா அது காத்துல இருக்குற தண்ணியை இழுத்துத் தானே கரைய ஆரம்பிச்சிடும். நம்ம பக்கம் ராத்திரி முக்காவாசி நாள் அந்த 75ஐத் தாண்டும். அப்ப என்ன ஆகுது, மழையே பெய்யாட்டியும் ராத்திரியெல்லாம் உங்க பெஞ்சு ஈரத்துல கெடக்குது, விடிஞ்சு வெயில் ஏறினா காயுது, திரும்பப் பொழுது சாஞ்சா ஈரம். வெள்ளன எந்திரிச்சு பெஞ்சு மேல கையை வச்சுப் பாருங்க, பிசுபிசுன்னு ஒட்டும், விரலை நாக்குல வச்சா கரிக்கும். வார்னிஷ்ல ஒரு மயிரிழை வெடிப்பு போதும், அந்த உப்புத் தண்ணி உள்ள போயிடும், போனா வெளிய வர வழி இல்ல, உள்ளயே இருந்து பொரிச்சுத் தள்ளும்.

இதுல எந்தப் பக்கம் எந்தக் கடல்னு பாக்கணும். நீங்க வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம், உங்களுக்கு ஐப்பசியில இருந்து தை வரைக்கும் வாடை நேரா மொகத்துல அடிக்கும், கச்சான்ங்கிற தென்மேக்குக் காத்து முதுகுப் பக்கமா தென்கடல்ல (மன்னார் வளைகுடா) இருந்து தரையைத் தாண்டி மணலையும் சேத்து அள்ளிக்கிட்டு வரும். புதுமடம், பெரியபட்டினம், ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் இருக்கவங்களுக்கு இது அப்படியே தலைகீழ். உங்க கிளாடிங்குல எந்தச் சுவர் மொதல்ல போகும்ங்கிறது இதை வச்சுத்தான், வடக்கும் கிழக்கும் பாத்த பலகையை அடிக்கடி கவனிங்க.

இப்ப ஒரு முக்கியமான விசயம், நம்ம ஊர்ல நெறைய பேர் கோட்டை விடுற எடம். உப்பைக் கழுவணும்னு சொன்னா போர் மோட்டாரைப் போட்டு பைப்பைப் புடிச்சு அடிப்பாங்க. நம்ம போர்த் தண்ணியே உப்புத் தண்ணி! காஞ்சதும் பலகை மேல வெள்ளை வெள்ளையாப் பூத்து நிக்கும் பாருங்க, கழுவுறதுக்கு முன்னாடி இருந்ததை விட அதிக உப்பு. கழுவுறதுன்னா நல்ல தண்ணியிலதான் கழுவணும், காவிரித் தண்ணியோ வெலைக்கு வாங்குற தண்ணியோ மழைத் தண்ணியோ. குடிக்கிற தண்ணியை மரத்துக்கு ஊத்துறதான்னு மனசு வராது, எனக்குப் புரியுது. கொடம் கொடமா ஊத்த வேண்டியது இல்ல, ஒரு பெஞ்சுக்கு ஒரு வாளி தண்ணியும் ரெண்டு துணியும் போதும், நனைச்சுத் தொடை, துணியை அலசு, திரும்பத் தொடை. மொட்டை மாடியில மழைத் தண்ணி புடிக்கத் தொட்டி வச்சிருந்தீங்கன்னா அதைவிட நல்ல தண்ணி இதுக்குக் கெடையாது.

அடுத்தது அந்தக் கருப்பு. ரெண்டு காரணம் இருக்கலாம், பாத்தா ஒரே மாதிரிதான் தெரியும், வைத்தியம் மட்டும் வேற வேற. ஒண்ணு பூசணம். இன்னொண்ணு இரும்புக் கறை, சீடர்ல துவர்ப்புச் சத்து ஜாஸ்தி, டானின்னு சொல்லுவாங்க, அது மேல இரும்பும் ஈரமும் பட்டா மை மாதிரி கருத்துடும். கண்டுபிடிக்க, ப்ளீச்சிங் பவுடரைத் தண்ணியில கலக்கி ஒரு சொட்டு அந்தக் கருப்பு மேல வைங்க. ரெண்டு நிமிசத்துல வெளுத்தா பூசணம். அசையாம அப்படியே நின்னா இரும்பு. ஸ்க்ரூவைச் சுத்தி இருக்குறது கண்டிப்பா இரும்புதான். பெஞ்சு மேல தெளிச்ச மாதிரி புள்ளி புள்ளியா இருக்குன்னு எழுதியிருக்கீங்களே, அதைப் படிச்சதும் எனக்கு ஒரு சந்தேகம், பக்கத்துல கேட்டோ கிரில்லோ கிரைண்டர் போட்டு அறுத்தாங்களா? அந்தப் பொறி பறந்து வந்து மரத்துல உக்காரும், அப்ப கண்ணுக்கே தெரியாது, நாலு நாள் பனி எறங்கினதும் ஒவ்வொரு துகளும் ஒரு கருப்புப் பொட்டு. மண்டபத்துல ஒரு வீட்டுல புது டெக் முழுக்க இப்படிப் பொட்டு பொட்டா ஆகி, மரம் மட்டம்னு மரக்கடைக்காரரோட சண்டைக்கே போயிட்டாங்க, கடைசில பாத்தா வெல்டிங் வேலை நடந்த பக்கம் மட்டும்தான் புள்ளி, மறு பக்கம் சுத்தமா இருந்துச்சு. இனிமே இரும்பு வேலை நடந்தா மரத்தை மூடுங்க, இல்ல வேலையைத் தூரமா வைக்கச் சொல்லுங்க.

இரும்புக் கறைக்கு மருந்து ஆக்ஸாலிக் ஆசிட். கெமிக்கல் கடையில பவுடராக் கெடைக்கும். பிளாஸ்டிக் வாளியில வெதுவெதுப்பான தண்ணி ஒரு லிட்டருக்கு 50ல இருந்து 100 கிராம் கலக்கி, கறை மேல மட்டும் தடவாம அந்தப் பலகை முழுக்கத் தடவுங்க, இல்லாட்டி திட்டுத் திட்டா வெளுக்கும். பத்து இருபது நிமிசத்துல கருப்பு கரைஞ்சு போறது கண்ணு முன்னாடியே தெரியும். அப்புறம் நல்ல தண்ணியில ரெண்டு மூணு தடவை கழுவணும். அது விசம் தம்பி, கையில கிளவுஸ், கண்ணுக்குக் கண்ணாடி, சின்னப் புள்ளைக, ஆடு, நாய் பக்கத்துல வரக் கூடாது. இன்னொண்ணு, ப்ளீச்சிங் பவுடரையும் இந்த ஆசிட்டையும் ஒரே நேரத்துல ஒண்ணு மேல ஒண்ணு ஊத்திடாதீங்க, குளோரின் கேஸ் கெளம்பும், மூச்சு அடைச்சிடும். ஒரு சொட்டு டெஸ்ட் பண்ணினாக் கூட கழுவிட்டு அடுத்த நாள்தான் ஆசிட்டைத் தொடணும்.

கறையை எடுத்துட்டு அதே ஸ்க்ரூவைத் திரும்பப் போட்டா பிரயோசனம் இல்ல. எல்லாத்தையும் கழட்டி எஸ்.எஸ். 316 போடுங்க. கடையில "எஸ்.எஸ்."னு கேட்டா 304தான் குடுப்பாங்க, அது உள்நாட்டுக்கு ஓகே, கடல் காத்துல கொஞ்ச நாள்ல டீக் கறை மாதிரி பழுப்பேறும். 316ல ரெண்டு சதவீதத்துக்கு மேல மாலிப்டினம் இருக்கு, உப்புக்குத் தாங்குறது அதனாலதான். காந்தத்தை வச்சு ரெண்டையும் பிரிச்சுக் கண்டுபிடிக்க முடியாது, அதனால தலையில முத்திரை இருக்கான்னு பாருங்க, 304க்கு ஏ2ன்னும் 316க்கு ஏ4ன்னும் போல்ட் தலையில அடிச்சிருப்பாங்க. வெலை கூடத்தான். ஆனா நம்ம காத்து எப்பேர்ப்பட்டதுன்னு நான் சொல்ல வேண்டியது இல்ல, காரைக்குடி செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) ஆளுங்க துருப் புடிக்கிறதை ஆராய்ச்சி பண்ணவே மண்டபத்துல நெலையம் வச்சிருக்காங்க. 1914ல தொறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் அரிச்சுப் போய் 2022 டிசம்பர்ல ரயிலை நிறுத்தினதும், 2025 ஏப்ரல்ல புதுப் பாலம் தொறந்ததும் நாம பாத்ததுதான். அம்புட்டுப் பெரிய இரும்பையே தின்ன காத்து உங்க ஸ்க்ரூவை விடுமா. அப்புறம், சீடர் மெதுவான மரம்ங்கிறதால ஸ்க்ரூவுக்கு முன்னாடியே ஓட்டை போட்டுக்கங்க, வாஷர் வைங்க, மெஷின்ல ஒரேயடியா இறுக்கினா தலை உள்ள போய்ச் சின்னக் குழி விழும், அதுல தண்ணி நிக்கும்.

இனி வேலைக்கு வருவோம். பழைய வார்னிஷ் முழுசாப் போகணும். உரிஞ்ச எடத்தை மட்டும் சுரண்டிட்டு மேல ஆயில் அடிச்சா வார்னிஷ் இருக்குற எடத்துல ஆயில் எறங்காது, சொரி புடிச்ச மாதிரி நிக்கும். ஸ்க்ரேப்பர்ல சுரண்டி, அப்புறம் 60 நம்பர் உப்புத்தாள், அடுத்து 80, அதோட நிறுத்திடுங்க. தேக்குக் கதவுக்குத் தேய்க்கிற மாதிரி 220, 320ன்னு வழவழப்பா இழைச்சிங்கன்னா மரத்தோட வாய் அடைச்சுக்கும், ஆயில் குடிக்காது. கிளாடிங் பலகையில ரம்பம் அறுத்த சொரசொரப்பு அப்படியே இருந்தா இன்னும் நல்லது, அதைத் தேய்க்கவே வேண்டாம், வழவழப் பலகையை விட அது கூடுதலா ஆயில் குடிக்கும், ரொம்ப நாள் தாங்கவும் செய்யும். இரும்புக் கம்பி பிரஷ், ஸ்டீல் வுல் எதுவும் கிட்டயே வரக் கூடாது, அந்தத் துகள் ஒட்டிக்கிட்டுத் திரும்பக் கருக்கும். தேங்கா நார் போதும், இல்லாட்டி பித்தளை பிரஷ். தேய்க்கும்போது நல்ல மாஸ்க் போடுங்க, வேலைக்கு வர்ற பையனையும் போடச் சொல்லுங்க, சும்மா துண்டைக் கட்டிக்கிட்டா பத்தாது. இந்த சீடர்த் தூசி ஆஸ்துமாவைக் கெளப்பிவிடும், இந்த மர ஆலைகள்ல வேலை பாத்தவங்களுக்கு அது வந்திருக்கு.

ப்ரெஷர் வாஷர் வச்சிருக்கேன்னு எழுதியிருந்தீங்க. கார் கழுவ வச்சுக்கங்க. இந்த மெது மரத்துல அடிச்சா மெதுவான நாரெல்லாம் பேந்து போயி கெட்டி நார் மட்டும் வரப்பு வரப்பா நிக்கும், தண்ணியும் ஆழமா எறங்கிடும்.

கழுவினப்புறம் காயுறதுக்கு விடணும். நிழல்ல, காத்தோட்டமா, நல்ல வெயில் காலத்துல மூணு நாலு நாளாவது. ஈரம் 15 சதவீதம் கிட்ட வந்தா அடிக்கலாம். ஆன்லைன்ல ரெண்டு ஊசி வச்ச மீட்டர் விக்கிது, வாங்கினா தப்பு இல்ல, ஆனா மரத்துல உப்பு இருந்தா அந்த மீட்டர் ஈரத்தைக் கூட்டிக் காட்டும். நாலு நாள் காஞ்சும் மீட்டர் எறங்கவே இல்லைன்னா உப்பு இன்னும் போகலைன்னு வச்சுக்கங்க, திரும்ப ஒரு தடவை நல்ல தண்ணியில தொடைச்சு எடுங்க.

எந்த மாசம்? மாசி கடைசி, பங்குனி. அதான் நம்ம பக்கத்துக்கு நேரம். வாடை ஓஞ்சிருக்கும், கச்சான் இன்னும் ஏறியிருக்காது, பனியும் கொறைஞ்சிருக்கும். வைகாசி பொறந்து காத்து எடுத்துட்டா அடிக்காதீங்க, ஈர ஆயில் மேல மணல் வந்து அப்பும், அப்புறம் உப்புத்தாளைத் தனியா வாங்கவே வேண்டாம், பெஞ்சே உப்புத்தாளாயிடும். காலையில எட்டு மணிக்கு மேல பனி ஒணந்ததும் ஆரம்பிச்சு பதினொண்ணுக்குள்ள முடிங்க, நிழல்ல வச்சு அடிங்க. உச்சி வெயில்ல சூடாக் கெடக்குற பலகையில அடிச்சா மேல சட்டுன்னு ஆடை கட்டிடும், உள்ள எறங்காது.

எந்த ஆயில்னா, கம்பெனி பேரு நான் சொல்லப் போறது இல்ல, டப்பா பின்னாடி நாலு விசயம் இருக்கான்னு பாருங்க. எக்ஸ்டீரியர்னு போட்டிருக்கணும். மரத்துக்குள்ள எறங்குற வகை, பெனட்ரேட்டிங்னு இருக்கணும், ஃபிலிம்னோ கோட்டிங்னோ கிளாஸ்னோ போட்டிருந்தா வச்சிடுங்க. பூசணத்துக்கு மருந்து கலந்திருக்கணும். கலர் இருக்கணும். இந்தக் கலர் விசயத்துலதான் எல்லாரும் மல்லுக்கு நிப்பாங்க, "மரம் மரமாத் தெரியணும், கிளியரே குடுங்க"ன்னு. கலர்ப் பொடிதான் அந்த அல்ட்ரா வயலட்டை மறிக்குது, கிளியர் ஆயில்ல மறிக்க ஆளே இல்ல, ஆறே மாசத்துல சாம்பல். லேசான தேன் கலரோ செம்பழுப்போ எடுத்தா மரத்தோட ரேகை நல்லாவே தெரியும், கெட்டியா மூடாது. ஹார்டுவேர் கடையில கெடைக்கிற டபுள் பாயில்டு லின்சீட் ஆயிலை மட்டும் வாங்கி அடிக்கலாமான்னா, வேண்டாம். வீட்டுக்குள்ள நல்ல சாமான் அது, வெளிய நம்ம ஈரத்துக்குப் பூசணம் அதைச் சோறு மாதிரி தின்னும், ஒரே மழைக் காலத்துல கருகருன்னு ஆயிடும். மெலமைன், என்.சி., ஃப்ரெஞ்ச் பாலிஷ் இதெல்லாம் உள் வேலைக்கு. ஃப்ரெஞ்ச் பாலிஷ் அரக்கு, தண்ணி பட்டாலே வெளுத்துடும்.

அடிக்கிற முறை: டப்பாவை அடியில இருந்து நல்லாக் கலக்குங்க, கலர்ப் பொடி அடியிலதான் தங்கும், வேலை நடக்கும்போதும் நடுநடுவுல கலக்குங்க. பிரஷ்ல தாராளமாக் குடுத்து ஒரு பலகையை முனையில இருந்து முனை வரைக்கும் முடிச்சிட்டு அடுத்ததுக்குப் போங்க, நடுவுல விட்டுட்டு டீ குடிக்கப் போனா அந்த எடத்துல கோடு விழும். 15, 20 நிமிசம் குடிக்க விட்டு, குடிக்காம மேல நிக்கிறதைத் துணியால அழுத்தித் தொடைச்சு எடுத்துடுங்க. இதுதான் மொத்த வேலையிலயும் பெரிய வேலை. நெறைய அடிச்சா நெறைய நாள் தாங்கும்னு நெனச்சு அப்படியே விட்டா அது காயாம பிசின் மாதிரி நிக்கும், உங்க கெஸ்ட் வெள்ளை வேட்டியோட உக்காந்தா வேட்டி போச்சு. நல்லாக் குடிக்கிற பலகைன்னா அரை மணிக்குள்ள இன்னொரு கை குடுக்கலாம், அதோட சரி.

தொடைச்ச துணியைக் கசக்கி ஒரு மூலையில போட்டுட்டுப் போயிடாதீங்க. இந்த வகை ஆயில் காயும்போது தானாச் சூடாகும், குமிச்சு வச்ச துணி யாரும் நெருப்பு வைக்காமலே பத்திக்கும். கட்டுக்கதை கெடையாது இது, பட்டறைகள் எரிஞ்சிருக்கு. கூரை போட்ட ஹோம்ஸ்டே வேற. தண்ணி வாளியில முக்கி வைங்க, இல்ல வெளிய தனித்தனியா விரிச்சுக் காயப்போட்டு அப்புறம் தூக்கிப் போடுங்க.

அறுத்த முனைகளை மறந்துடாதீங்க. பெஞ்சுக் கால் அடிப்பாகம், பலகை ரெண்டு நுனி, ஸ்க்ரூ ஓட்டை உள்பக்கம். மரம் தண்ணி குடிக்கிறது முக்காவாசி அந்த வாய் வழியாத்தான், மேல்பரப்பை விடப் பல மடங்கு வேகமா. அங்க மட்டும் அது குடிக்கிறதை நிறுத்துற வரைக்கும் திரும்பத் திரும்ப ஆயில் குடுங்க. மரச் சாமான் உளுத்துப் போச்சுன்னு கூப்பிட்டா நான் மொதல்ல படுத்துக் காலுக்கு அடியிலதான் பாப்பேன், மேல புதுசு மாதிரி இருக்கும், கால் நுனி விரலால நோண்டினா கையோட வரும். கால் மண்ணுல படவே கூடாது, ஒரு கருங்கல் துண்டு வச்சு அது மேல நிறுத்துங்க. கரையானுக்கும் அதுதான் காவல், சீடர்னா கரையான் தொடாதுன்னு நம்பி மணல்ல புதைச்சு வச்சா ஏமாந்துடுவீங்க. கல் மேல மண் பாதை ஏறுதான்னு அப்பப்ப குனிஞ்சு பாத்துக்கங்க.

கிளாடிங்குல பலகைக்குப் பின்னாடி காத்துப் போக எடம் விட்டிருக்காங்களான்னு பாருங்க, சுவர்ல நேரா ஒட்டி அடிச்சிருந்தா முன்னாடி எவ்வளவு பூசினாலும் பின்னாடி ஈரம் தங்கும். ரீப்பர் அடிச்சு ரெண்டு சென்டிமீட்டராவது எடைவெளி வேணும், கீழயும் மேலயும் தொறப்பு வேணும். மழையில சீடர்ச் சாறு பழுப்பா வடிஞ்சு கீழ இருக்குற வெள்ளைச் சுவர்ல கோடு போடும், அது பயப்படுற விசயம் இல்ல, மொத ரெண்டு மழைக்கு அப்புறம் கொறைஞ்சிடும்.

அக்கம் பக்கத்துல ரெண்டு யோசனை கண்டிப்பா சொல்லுவாங்க. ஒண்ணு கழிவு இன்ஜின் ஆயில் அடிக்கிறது, வேலிக் கம்புக்கு நம்ம பக்கம் அடிப்பாங்க. மனுசன் உக்கார்ற பெஞ்சுக்கு அது ஆகவே ஆகாது, தோலுக்குக் கெடுதல், மணல்ல எறங்கினா இருக்குற கொஞ்ச நஞ்ச நல்ல தண்ணியையும் கெடுக்கும். இன்னொண்ணு மீன் எண்ணெய். வள்ளம், வத்தைக்கெல்லாம் அந்தக் காலத்துல மீன் எண்ணெய்தான், கலப்பத்து அடிச்சு, அதாவது பலகை இடுக்கை அடைச்சு, மேல எண்ணெய் குடுத்துத்தான் அந்த மரம் உப்புத் தண்ணியிலயே வருசக்கணக்கா ஓடுச்சு. அதைக் கொறைச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா அவங்க படகைக் கரையில ஏத்தும்போதெல்லாம் சொரண்டிக் காயவச்சுத் திரும்பப் பூசினாங்க, ஒரு தடவை பூசிட்டு விட்டுடல. நாத்தம் புடிச்ச எண்ணெயை உங்க கெஸ்ட் பெஞ்சுக்கு அடிக்க வேண்டாம், அந்தப் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கங்க.

அப்படின்னா வருசத்துக்கு என்ன வேலை? பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை நல்ல தண்ணித் துணியால தொடைக்கிறது, கச்சானும் வாடையும் வீசுற மாசத்துல வாரம் ஒரு தடவை. புரட்டாசியில மழைக்கு முன்னாடி ஒரு சோதனை: பெஞ்சு மேல, டேபிள் மேல, ஊஞ்சல் பலகையில கொஞ்சம் தண்ணி தெளிங்க. முத்து முத்தா நின்னா சரி. நனைஞ்சு கருப்பா எறங்கினா அந்த எடத்துக்கு மட்டும் தொடைச்சுக் காயவச்சு ஒரு கை ஆயில். பங்குனியில படுக்கையா இருக்குற பலகை எல்லாத்துக்கும் முழுசா ஒரு கை. நட்டமா நிக்கிற கிளாடிங் ரெண்டு மூணு வருசம் தாங்கும், கடல் பாத்த பக்கம் கொஞ்சம் முந்தியே கேக்கும். ஆயில்ல இருக்குற பெரிய வசதி இதுதான், திரும்ப அடிக்க எதையும் சொரண்ட வேண்டாம், கழுவு, காயவை, அடி, தொடை. ஒரு நாள் காலையில முடிஞ்சிடும். மழைக் காலத்துல தார்ப்பாயைப் போட்டு இறுக்கிக் கட்டி வைக்காதீங்க, உள்ள வெந்து பூசணம் புடிக்கும், முடிஞ்சா வராண்டாவுக்குள்ள தூக்கிப் போடுங்க.

தேக்குக்கும் இதே முறைதான் தம்பி. அது இன்னும் கெட்டி, கம்மியாக் குடிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். பளபளப்பு இருந்தே ஆகணும்னா மழை வெயில் படாத உள் வராண்டா சாமானுக்கு மட்டும் அல்ட்ரா வயலட்டைத் தடுக்குற மருந்து கலந்த மரைன் வார்னிஷ் ஆறேழு கோட் குடுத்து, உரிய ஆரம்பிக்கிறதுக்கு முந்தியே வருசா வருசம் ஒரு கோட் ஏத்துங்க, அந்த வேலைக்கு நீங்க தயார்னா நான் தடுக்க மாட்டேன். கலரே வேண்டாம், சாம்பலாவே விட்டுடலாமான்னா கிளாடிங்குக்கு விடலாம், கூரை நிழல் விழுற எடம் பழுப்பாவும் வெயில் படுற எடம் சாம்பலாவும் ரெண்டு கலரா நிக்கும், அது பரவாயில்லைன்னா சரி. பெஞ்சுக்கும் ஊஞ்சலுக்கும் வேண்டாம், ஆயில் இல்லாத சீடர் செலாம்பு கெளம்பும், கையில குத்தும்.

கடைசியா ஊஞ்சல். போட்டோவுல சங்கிலி செவந்து போயிருக்கு. பங்குனி வரைக்கும் இது காத்திருக்காது. சங்கிலி தேயுறது வெளிய தெரியாது, ஒரு வளையமும் இன்னொரு வளையமும் ஒரசுற உள்பக்கத்துலதான் தேயும், ரெண்டு வளையத்தையும் தள்ளிப் பிரிச்சு உள்ள பாருங்க. மத்த எடத்து மொத்தத்தை விட அங்க மெலிஞ்சிருந்தா யாரையும் உக்கார விடாதீங்க, கழட்டிட்டு 316 சங்கிலி மாட்டுங்க, மேல கொக்கியையும் சேத்து மாத்துங்க. சனி ஞாயிறு கெஸ்ட் வர்றாங்கன்னு எழுதியிருந்தீங்க, அதுக்கு முன்னாடி பாத்துட்டு என்ன நெலமைன்னு இங்க எழுதுங்க, கிளாடிங் பின்பக்கம் எடைவெளி இருக்கான்னும் சேத்துச் சொல்லுங்க.